இணைப்பு ஏழு

பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்,
முத்திரை குத்தினால் இன்னும் நூறு.
நீதிமன்றத்துக்கு எதிரே போட்டோகொப்பிக் கடை மாடியில்
என் பலகை தொங்குகிறது:
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பிறப்பு, இறப்பு, காணி உறுதி, விவாகரத்து,
இந்தப் படியேறி இதுவரை வந்தவை இவ்வளவுதான்.

ஐப்பசி மழையோடு விண்வெளி வந்தது.
கம்பனிப் பையன், கழுத்தில் அட்டை, நனைந்த சப்பாத்து.
மீட்புக் கப்பல் சீனன்குடாவில் கட்டியிருக்கிறதாம்.
கடல் அடங்கியதும் சித்திரையில் பயணமாம்,
திரும்புகிற கலம் நிலாவெளிக்கு வெளியே வருமாம்.
அங்கேதான் விழுமா, என்று கேட்டேன்.
இறங்கும், என்று திருத்தினான்.

அறுபத்தெட்டுப் பக்கச் சம்மதப் படிவம்.
வாழைச்சேனையில் ஐஸ் தொழிற்சாலையை விற்று
ஓர் இருக்கை வாங்கியவர், திருமதி தவமலர் குணநாயகம்.
ஆங்கிலம் வடிவாகத் தெரியுமாம்.
ஆனாலும் சாவைத் தமிழில் வாசித்துத்தான்
கையெழுத்து வைப்பேன் என்றாராம்.

நாற்பது பக்கத்துக்குத்தான் காசு ஒதுக்கியிருக்கிறது,
இணைப்புகள் வேண்டாம், என்றான் பையன்.
சட்டம் கேட்பது முன்பகுதியை மட்டும்தானாம்.
இருபத்தெட்டுப் பக்கம். பதினாறாயிரத்து எண்ணூறு.
இருக்கையின் விலையில் ஓர் ஆணிக்குக் காணாது.
அதை நான் சொல்லவில்லை.
முற்பணத்தை எண்ணி லாச்சிக்குள் வைத்தேன்.

வேண்டாம் என்றதை இரவில் வாசித்தேன்.
இணைப்பு ஏழு, குடைகள் பற்றியது.
மூன்று குடை; இரண்டு விரிந்தால் போதும்.
நான்காவது பாரம், பாரம் எரிபொருள், எரிபொருள் பணம்.
ஆகவே நான்காவது ஆராயப்பட்டது, கைவிடப்பட்டது.
நல்ல வேளை, செயப்பாட்டு வினை தமிழிலும் இருக்கிறது.
கைவிட்டவர் பெயரைக் கேட்காது.
அடுத்த வரியில், எஞ்சுவது ஏற்கத்தக்க ஆபத்து.
யாருக்கு ஏற்கத்தக்கது?
தேடினேன். மூலத்தில் அந்த இடம் வெறுமை.
நான்காவது குடையும் இல்லை,
நான்காம் வேற்றுமையும் இல்லை.

கோபப்பட்டிருக்கலாம்.
ஆனால் அன்று பின்னேரம்தான் மகனுக்கு ஹெல்மெட் வாங்கியிருந்தேன்.
எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளது ஏழாயிரம்,
இல்லாதது இரண்டாயிரத்து ஐந்நூறு.
கடைக்காரர் இரண்டையும் விரலால் தட்டிக் காட்டினார்.
சத்தம் ஒன்றுபோலத்தான் கேட்டது.
உவர்மலை வரைக்கும்தானே,
துவாரகன் மெதுவாகத்தானே ஓடுவான்.
எங்கேயோ ஒரு குளிரூட்டிய அறையில்
அவர்களும் எதையோ தட்டிப் பார்த்திருப்பார்கள்.
எல்லாக் குடையையும் கட்டினால் கலம் எழும்பாது,
இருக்கை விலையும் ஒருவருக்கும் எட்டாது.
அதுவும் உண்மைதான்.
மூதூர் வள்ளத்தில் உயிர்காப்பு அங்கிகள்
பொலித்தீன் உறை கழற்றாமல் கூரையில் செருகியிருக்கும்,
பழுதாகக் கூடாதென்று.
அதன் கீழே இருந்துதான்
நான் கச்சான் தின்றுகொண்டு போய்வருகிறேன்.

விடியப்புறம் மூன்று மணிக்கு
இணைப்பு ஏழைத் தமிழில் எழுதினேன். இரண்டு பக்கம்.
'பயணிக்கு' என்று ஒரு சொல்லை நானாகச் சேர்த்தேன்,
பிறகு வெட்டினேன்.
இல்லாததை எழுதமாட்டேன் என்று சத்தியம் செய்தவள்.
வெட்டிய கோடு தெரியும்படியே விட்டேன்.
முத்திரை குத்தவில்லை.

காலையில் பையன் கட்டை வாங்கிக்கொண்டு கீழே போனான்.
கடை வாசலில் நின்று எண்ணினான்.
நாற்பத்திரண்டு, என்றான் அண்ணாந்து.
அந்த இரண்டும் இலவசம், என்றேன்.
யோசித்தான்.
கொப்பி அடிக்க இருபது ரூபாய் வருமே,
அதைக் கம்பனியில் எந்தக் கணக்கில் எழுதுவது?

மாடிக் கம்பியால் எட்டி
ஓர் இருபது ரூபாய்த் தாளைக் கைவிட்டேன்.
காற்று சரியாக இருந்தது.
ஆடி, ஒருபக்கம் சாய்ந்து, நிமிர்ந்து
அந்தரப்படாமல் இறங்கியது.
வாசலில் கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு நின்ற மான்
தலையைத் தூக்கியது.
பையன் கையை நீட்டினான்.